ஃபிக்சி சைக்கிளுக்குப் பிரேக் பொருத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பந்தயத் தடத்துக்காகச் செய்த ஃபிக்சி சைக்கிளைச் சாலையில் ஓட்டும் இளைஞர்கள் சிங்கப்பூரில் நிறையப் பேர். தெரிந்தவர்களின் சைக்கிள்களுக்கு நான் பிரேக் பொருத்திக் கொடுப்பதுண்டு. அப்போதெல்லாம் ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதிப் பதில்களைத் தந்திருக்கிறேன். முன்சக்கரத்தை இரு பக்கமும் பிடிக்கும் ஃபோர்க்கில் பிரேக்குக்கான துளை இல்லாமல் திண்டாடுகிறவர்கள் நடுப்பகுதியிலிருந்து படிக்கத் தொடங்கலாம். ஆனால் மூன்றாவது பதிலை மட்டும் தாண்டிப் போக வேண்டாம்.

ஃபிக்சி என்றால் என்ன? ஒரே கியர் உள்ள எல்லாச் சைக்கிளும் ஃபிக்சிதானா?

இல்லை. சாதாரணச் சைக்கிளில் பெடலை நிறுத்தினாலும் சக்கரம் தானாக ஓடும். பின்சக்கரத்தில் உள்ள ஃப்ரீவீல்தான் அதற்குக் காரணம். ஃபிக்சியில் ஃப்ரீவீல் கிடையாது. பின்பக்கப் பல்சக்கரம், சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பில் நேரடியாகத் திருகப்பட்டிருக்கும். சக்கரம் சுற்றும் வரை பெடலும் சுற்றும், பெடல் சுற்றும் வரை காலும் சுற்ற வேண்டும். ஒரே கியர் இருந்தும் பெடலை நிறுத்த முடிகிறது என்றால் அது ஃபிக்சி அல்ல.

புதிதாக வாங்கியதிலேயே பிரேக் இல்லை. கம்பெனிக்காரர்கள் காசை மிச்சம் பிடிக்கிறார்களா?

தடத்துக்கென்றே செய்த சைக்கிள் என்றால் அப்படிச் சொல்ல முடியாது. வெலோட்ரோம் எனப்படும் சைக்கிள் பந்தய அரங்கில் நடக்கும் பந்தயங்களில் பிரேக் பொருத்திய சைக்கிளுக்கு அனுமதி இல்லை. எல்லோரும் ஒரே திசையில், ஒருவர் சக்கரத்தை ஒருவர் ஒட்டியபடி போகும்போது முன்னால் இருப்பவர் சட்டென்று பிரேக் பிடித்தால் பின்னால் வருகிறவர்கள் அத்தனை பேரும் சரிவார்கள். ஜப்பானில் 1948-இல் கொக்குராவில் தொடங்கிய கெய்ரின் பந்தயத்துக்கான சைக்கிள்களும் இப்படித்தான்: ஃபோர்க்கில் பிரேக்குக்கான துளையே இருக்காது.

அந்தத் தடத்தில் குறுக்கே வருகிற டாக்சி கிடையாது, சிவப்பு விளக்கு கிடையாது, கைப்பேசியைப் பார்த்தபடி பாதையில் இறங்குகிறவர் கிடையாது. சைக்கிளில் குறை ஒன்றும் இல்லை. அதைக் கொண்டுவந்து ஓட்டும் இடம்தான் வேறு.

பெடலைக் காலால் எதிர்த்து அழுத்தினாலே நிற்கிறதே, தனியாகப் பிரேக் எதற்கு?

இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டிய கேள்வியே இதுதான். காலால் எதிர்த்து அழுத்தினாலும், பின்சக்கரத்தைப் பூட்டிச் சறுக்கினாலும், வேலை செய்வது பின்சக்கரம் மட்டும். வேகத்தைக் குறைக்கும்போது சைக்கிளின் எடையும் உங்கள் எடையும் முன்சக்கரத்தின் மேல் சாய்கின்றன, பின்சக்கரம் இலேசாகிவிடுகிறது. இலேசான சக்கரத்துக்குத் தரையில் பிடிப்பு ஏது? எவ்வளவு வலுவான கால் என்றாலும் இதை வெல்ல முடியாது.

கணக்கிலேயே பார்க்கலாம். நல்ல காய்ந்த சாலையில் முன்பிரேக்கைச் சரியாகப் பிடித்தால், புவியீர்ப்பு முடுக்கத்தில் ஏறக்குறைய பாதி அளவுக்கு வேகத்தைக் குறைக்கலாம். பின்சக்கரத்தை மட்டும் நம்பினால் கிடைப்பது கால் பங்குதான். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள் என்றால் முதல் முறையில் சுமார் 5 மீட்டரில் நிற்பீர்கள். இரண்டாவதில் சுமார் 10 மீட்டர் ஆகும். அதுவும் சறுக்கலைப் பிசகாமல் செய்தால்தான். இந்த இரண்டு அளவுகளுக்கும் முன்பே, ஆபத்தைக் கண்டு மூளை உத்தரவிடும் ஒரு நொடியில் 7 மீட்டர் கடந்திருப்பீர்கள். மிச்சமிருக்கும் தூரத்தைப் பாதியாக்கும் கருவியை வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். கால் பிடிப்பு முழுவதும் செயின் வழியாகவே பின்சக்கரத்துக்குப் போகிறது. செயின் கழன்றாலோ அறுந்தாலோ அந்த நொடியே நிறுத்தும் வழி முழுவதும் போய்விடும்.

சட்டம் என்ன சொல்கிறது அண்ணா? பிடித்தால் அபராதமா?

சிங்கப்பூரில் 2021 செப்டம்பர் 1 முதல், பொதுப் பாதையிலும் சாலையிலும் ஓட்டும் சைக்கிளில் வேலை செய்யும் கைப்பிரேக் ஒன்றாவது கட்டாயம் இருக்க வேண்டும். ஃபிக்சிக்கு விலக்கு இல்லை. மீறுவது குற்றம். அந்த ஆண்டு ஜனவரியில் பாசிர் ரிஸ்ஸில் பலமாடிக் கார் நிறுத்துமிடம் ஒன்றில் பிரேக் இல்லாத ஃபிக்சி ஓட்டிய 13 வயதுச் சிறுமி மாடியிலிருந்து விழுந்து இறந்தாள். விதியைப் பற்றி முகம் சுளிக்கிறவர்களிடம் நான் அந்தப் பிள்ளையைத்தான் நினைவுபடுத்துவேன்.

வெளிநாடு போகிறவர்களுக்காக: பிரிட்டனில் ஃபிக்சிக்கு முன்சக்கரப் பிரேக் கட்டாயம், பின்சக்கரத்தின் வேலையைப் பெடல் செய்வதாகச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. ஜப்பானில் இரண்டு சக்கரங்களுக்கும் பிரேக் வேண்டும், மணிக்கு 10 கி.மீ. வேகத்திலிருந்து 3 மீட்டருக்குள் நிற்கவும் வேண்டும். ஜெர்மனியில் ஒன்றையொன்று சாராத இரண்டு பிரேக்குகள். ஆஸ்திரேலியாவில் நன்றாக வேலை செய்யும் பிரேக் ஒன்றாவது வேண்டும்.

ஒரு பிரேக் போதுமா, இரண்டும் வேண்டுமா?

பெடல் கட்டுப்பாட்டை விட்டுவிடாமல் ஓட்டுகிற வரை, நல்ல முன்பிரேக் ஒன்று போதும். பின்சக்கரத்தால் கிடைக்கக்கூடிய சிறிய பங்கை உங்கள் கால்களே கொடுத்துவிடும். இரண்டும் போட்டால் தப்பில்லை. முழங்கால் வலி உள்ளவர்களுக்கும், ஏற்ற இறக்கமுள்ள வழியில் தினமும் வேலைக்குப் போகிறவர்களுக்கும் இரண்டையும் போடச் சொல்வேன். இரண்டு பிரேக் கட்டாயமாகிவிடும் ஒரு நிலை உண்டு. ஒரு பக்கம் ஃபிக்சிப் பல்சக்கரமும் மறுபக்கம் ஃப்ரீவீலும் உள்ள ஃப்ளிப்-ஃப்ளாப் ஹப் பற்றிய கேள்வியில் அதைச் சொல்கிறேன்.

ஒன்றுதான் என்றால் பின்னால் போட்டுக்கொள்கிறேன். முன்பிரேக் பிடித்தால் தலைகுப்புற விழுந்துவிடுவோமே?

இந்தப் பயம் சிறு வயதில் பெரியவர்கள் ஊட்டியது. அதனால்தான் இத்தனை ஆழமாக வேரூன்றியிருக்கிறது. காலே பின்சக்கரத்தைப் பார்த்துக்கொள்ளும்போது அங்கே இன்னொரு பிரேக் போட்டால் நிற்கும் தூரம் ஒரு மீட்டர்கூடக் குறையாது. சக்கரத்தின் பிடிப்புதான் அங்கே எல்லை. அந்த எல்லையைக் கால் ஏற்கெனவே தொட்டுவிடுகிறது.

தலைகுப்புற விழுவது பெரும்பாலும் இரண்டு காரணங்களால்: லிவரைப் பதற்றத்தில் ஒரேயடியாக இறுக்குவது, கைகளைத் தளர்வாக வைத்திருப்பது. சைக்கிள் நின்றும் உடல் நிற்காமல் முன்னால் போய்விடுகிறது. கைகளை ஊன்றி, இடுப்பைச் சீட்டின் பின்பக்கம் தள்ளி, லிவரைப் படிப்படியாக இறுக்குங்கள். ஃபிக்சிக்கு இங்கே ஒரு நன்மை உண்டு: பின்சக்கரம் தரையை விட்டு எழப் போகும்போது பெடலின் எதிர்ப்பு திடீரெனக் குறைவதைப் பாதத்திலேயே உணரலாம். உணர்ந்ததும் லிவரைச் சற்றுத் தளர்த்தினால் போதும். காலியான இடத்தில், மெதுவான வேகத்தில் பழகுங்கள்.

என் ஃபோர்க்கில் துளை இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சைக்கிளின் முன்னால் குந்தி உட்கார்ந்து, டயருக்கு நேர் மேலே ஃபோர்க்கின் இரு கால்களும் சேரும் இடத்தைப் பாருங்கள். நடுவில் 6 மி.மீ. அளவுள்ள துளை முன்னிருந்து பின்னாக ஊடுருவிச் சென்றால் உங்களுக்குப் பாதி வேலை முடிந்தது. சிலவற்றில் துளையை ரப்பர் மூடியாலோ பிளாஸ்டிக் மூடியாலோ அடைத்திருப்பார்கள். நகத்தால் நெம்பிப் பாருங்கள்.

பின்பக்கத் துளையையும் பாருங்கள். அது 8 மி.மீ. அளவுக்கு அகலமாக இருந்தால், உள்ளே புதையும் குழாய் வடிவ நட் போட வேண்டும். முன்னும் பின்னும் 6 மி.மீ. என்றால் அது பழைய முறை. நீண்ட போல்ட்டும் வெளியே தெரியும் சாதாரண நட்டும் உள்ள பிரேக்கைத் தேட வேண்டும்.

துளை இருக்கிறது. கடையில் எதைக் கேட்டு வாங்குவது?

இரண்டு பக்கக் கையும் ரிம்மைக் கவ்வும் கேலிப்பர் பிரேக். வாங்குமுன் ஓர் அளவு எடுத்துக்கொள்ளுங்கள்: துளையின் நடுவிலிருந்து, ரிம்மின் பக்கவாட்டில் பிரேக் கட்டை படவேண்டிய இடத்தின் நடு வரை எத்தனை மி.மீ.? 39 முதல் 49 வரை என்றால் சாதாரண ரோடு கேலிப்பர். 47 முதல் 57 வரை என்றால் நடுத்தரக் கை நீளம் உள்ளது. தட ஃபோர்க்கில் டயருக்கும் ஃபோர்க்குக்கும் இடைவெளி மிகக் குறைவு என்பதால் அளவு சில நேரம் 39-க்கும் கீழே வரும். அப்போது கட்டையை எவ்வளவு ஏற்றினாலும் ரிம்மில் முழுவதும் பதியாது. கேலிப்பரின் காடியை அரத்தால் ராவி நீட்டச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்; உயிரைத் தாங்கும் உலோகத்தை அப்படிக் குறைக்க வேண்டாம்.

ஜோடியாக விற்பவற்றில் நீண்ட போல்ட் உள்ளதுதான் முன்சக்கரத்துக்கு. குழாய் நட்டும் பல நீளங்களில் வரும். போல்ட்டின் மரை நட்டுக்குள் குறைந்தது ஆறேழு சுற்றாவது ஏற வேண்டும். இரண்டு சுற்றிலேயே இறுகுகிறது என்றால் நட் குட்டை, மாற்றுங்கள்.

துளை இல்லை. டிரில் போட்டுவிடலாமா?

ஃபோர்க் எதனால் ஆனது என்பதுதான் பதிலைத் தீர்மானிக்கும். கார்பன் என்றால் ஒருக்காலும் கூடாது. இழைகள் வெட்டுப்பட்ட இடத்திலிருந்து பிளவு தொடங்கும், வெளியே தெரியாமலே வளரும். அலுமினியம் என்றாலும் கூடாது. இரும்புக் குழாய்களை வளைத்து நேரடியாகப் பற்றவைத்த ஃபோர்க்கில், கம்பெனியே துளையிட்டிருந்தால் சரி, நாமாகப் போடக் கூடாது.

இரு கால்களும் சேரும் இடத்தில் கிரீடம் எனப்படும் தனித் துண்டு வைத்து, அதில் கால்களைச் செருகிப் பித்தளையால் ஒட்டிய பழைய பாணி இரும்பு ஃபோர்க்குக்கு மட்டும் வழி உண்டு. அதையும் சட்டகம் செய்யத் தெரிந்த ஒருவர், ஃபோர்க்கை அசையாமல் பிடித்து வைக்கும் கருவியில் பொருத்தித்தான் துளைக்க வேண்டும். வீட்டில் கையில் பிடித்த டிரில்லால் வேண்டாம். ஃபோர்க்கிலிருந்து ஹேண்டிலை நோக்கி மேலே போகும் தண்டு கிரீடத்தைச் சேரும் அந்த இடம்தான் முழு ஃபோர்க்கிலும் அதிகச் சுமை தாங்குவது. துளை அரை மி.மீ. கோணினாலும் கேலிப்பர் சாய்ந்து நிற்கும். அசல் கெய்ரின் ஃபோர்க் என்றால் எனக்கு மனம் வராது. அதைத் துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு வேறு ஃபோர்க் மாட்டுங்கள்.

வேறு ஃபோர்க் வாங்கினால் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

முதலில் தண்டு: 1 அங்குலமா, 1⅛ அங்குலமா, மரை உள்ளதா இல்லாததா. மரையுள்ள ஃபோர்க் என்றால் தண்டின் நீளமும் பொருந்த வேண்டும். அடுத்தது, தண்டின் அடியில் உட்காரும் வளையம். 1 அங்குலத் தண்டில் 26.4 மி.மீ., 27.0 மி.மீ. என்று இரண்டு அளவுகள் உண்டு. ஜப்பானியச் சைக்கிள்களில் இரண்டாவதைப் பார்க்கலாம். இதைக் கவனிக்காமல் வாங்கிவிட்டு வளையம் ஏறவில்லை என்று சுத்தியலை எடுக்கிறவர்கள் உண்டு. அளந்து வாங்குங்கள்.

அதிகம் பேசப்படாத இன்னொரு விஷயம் ஃபோர்க்கின் முன்வளைவு. தட ஃபோர்க்கில் அது 30 மி.மீ. அளவில் இருக்கும், ரோடு ஃபோர்க்கில் பெரும்பாலும் 43 முதல் 45. ஹேண்டில் தண்டின் கோணம் 74 டிகிரி என்று வைத்துக்கொண்டால், முன்வளைவு 30-லிருந்து 43 ஆகும்போது டிரெய்ல் எனப்படும் பின்தங்கல் (ஹேண்டில் திரும்பும் அச்சின் கோடு தரையைத் தொடும் இடத்துக்குப் பின்னால் டயர் தரையைத் தொடும் தூரம்) ஏறத்தாழ 65 மி.மீ.-லிருந்து 51-ஆகக் குறைகிறது. ஹேண்டில் சற்று இலேசாகத் திரும்பும், ஓரிரு நாளில் பழகிவிடும். பலனும் உண்டு: முன்சக்கரம் 13 மி.மீ. முன்னால் போவதால், மெதுவாகத் திரும்பும்போது டயரில் கால்விரல் இடிப்பது குறையும். பெடலை நிறுத்த முடியாத சைக்கிளில் அது பெரிய நிம்மதி.

துளை போடாமல் ஃபோர்க் கால்களைக் கவ்விப் பிடிக்கும் அடாப்டர் கிடைக்கிறதே, அது போதாதா?

நான் பரிந்துரைப்பதில்லை. பிரேக் பிடிக்கும்போது சுழலும் ரிம் கேலிப்பரையும் தன்னோடு இழுக்கிறது. போல்ட்டும் துளையும் இருந்தால் கிரீடமே அந்த விசையை வாங்கிக்கொள்ளும். அடாப்டரில் அதைத் தாங்குவது வெறும் இறுக்கம் மட்டும். ஃபோர்க்கின் கால் கீழே போகப்போக மெலிவதால், கொஞ்சம் நழுவினாலும் பிடி முற்றிலும் தளரும். நழுவாமல் இருக்க அதிகம் இறுக்கினால் மெல்லிய குழாய் நசுங்கும். ஃபோர்க் வந்து சேரும் வரை இரண்டு வாரம் சமாளிக்க வேண்டும் என்றால்கூட, அந்த இரண்டு வாரம் பஸ்ஸில் போகச் சொல்வேன்.

டிஸ்க் பிரேக்?

தட ஃபோர்க்கில் அதற்கான பிடிமானமும் இல்லை, ஹப்பும் இல்லை. டிஸ்க் முழு விசையையும் ஒரு காலின் அடிப்பகுதியில் சுமத்துகிறது. இந்த மெல்லிய கால் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. டிஸ்க்தான் வேண்டும் என்றால் டிஸ்க்குக்காகவே செய்த சைக்கிளை வாங்குங்கள்.

என் ரிம் முழுவதும் வண்ணம். பிரேக் பிடித்தால் நிற்குமா?

ரிம்மின் பக்கவாட்டை விரலால் தடவிப் பாருங்கள். தட்டையாக, வெள்ளி நிறத்தில், மிக நுண்ணிய வரிகளோடு ஒரு பட்டை இருந்தால் அது பிரேக்குக்காகக் கடைந்தெடுத்த பரப்பு. வண்ணம் பூசிய உயர ரிம்களில் பலவற்றில் அது இருக்காது. தட்டையாக மட்டும் இருந்தால் பிரேக் வேலை செய்யும், ஆனால் வண்ணம் உரியும் வரை கீச்சிடும், திட்டுத் திட்டாகப் பிடிக்கும், மழையில் மிகவும் மோசம். பக்கவாட்டே சரிந்து வளைந்திருந்தால் அந்த ரிம்மில் பிரேக் வைக்கவே முடியாது.

முன்சக்கரத்தை மட்டும் மாற்றினால் போதும். தட சைக்கிளின் முன்ஹப் அகலமும் சாதாரண ரோடு சைக்கிளைப் போல 100 மி.மீ.தான் என்பதால் சக்கரம் எளிதில் கிடைக்கும். கார்பன் ரிம் என்றால் அதற்கென்று உள்ள கட்டையையே போடுங்கள்.

பழைய மலைச் சைக்கிளின் லிவர் வீட்டில் கிடக்கிறது. அதையே போடலாமா?

அந்தச் சைக்கிளில் வி-பிரேக், அதாவது ரிம்மின் இரு பக்கமும் தனித்தனியாக நிற்கும் நீண்ட கைகள் உள்ள பிரேக், இருந்ததா என்று பாருங்கள். வி-பிரேக் லிவர் கேபிளை அதிக நீளம் இழுக்கும், ஆனால் விசையைக் குறைவாகக் கொடுக்கும். கேலிப்பருக்கு வேண்டியது இதற்கு நேர்மாறு. கலந்து போட்டால் கையில் கல் போல இறுக்கமாகத் தெரியும், ஆனால் சைக்கிள் நிற்காது. கடையில் கேலிப்பர் லிவர் என்று சொல்லிக் கேளுங்கள்.

கைப்பிடியின் தடிமனும் முக்கியம். நேரான ஹேண்டில்பார் 22.2 மி.மீ.; வளைந்த டிராப் ஹேண்டில்பார் 23.8 அல்லது 24 மி.மீ. முன்னோக்கிய கொம்பு போன்ற ஹேண்டில்பாருக்கு, முனையில் செருகும் லிவர் உண்டு. டிராப் ஹேண்டில்பாரின் மேல்பகுதியில் மட்டும் சிறு லிவரை மாட்டிக்கொண்டு கைகளைக் கீழே வைத்து ஓட்டாதீர்கள். கை வழக்கமாக இருக்கும் இடத்தில்தான் லிவர் இருக்க வேண்டும். தேடிப் போகும் நேரம் அவசரத்தில் கிடைக்காது.

ஒரே லிவர்தான். எந்தக் கைக்கு?

இடப்புறம் ஓட்டும் நாட்டில் வலப்பக்கம் திரும்பும்போது வலக்கையை நீட்டிக் காட்ட வேண்டியிருக்கும். போக்குவரத்தைக் குறுக்கே கடக்கும் அந்த நேரத்தில் பிரேக் இடக்கையில் இருப்பது நல்லது. எனவே நான் இடப்பக்கம் பொருத்துகிறேன். மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு முன்பிரேக் வலக்கையில் பழகியிருக்கும். பதற்றத்தில் பழக்கம்தான் முந்தும் என்பதால் அவர்கள் வலப்பக்கமே வைத்துக்கொள்ளலாம்.

கியர் கேபிளின் உறை மிச்சமிருக்கிறது. அதைப் பயன்படுத்தலாமா?

கூடவே கூடாது. இரண்டும் வெளியே ஒன்று போலத் தெரியும். வெட்டிப் பார்த்தால் பிரேக் உறைக்குள் கம்பி சுருளாகச் சுற்றியிருக்கும். கியர் உறைக்குள் நேர்க் கம்பிகள் நீளவாக்கில் அடுக்கப்பட்டிருக்கும். பிரேக்கை ஓங்கிப் பிடிக்கும்போது அந்த நேர்க் கம்பிகள் உறையைக் கிழித்து வெளியே பிதுங்கிவிடும். மிக அவசியமான நேரத்தில்தான் அது நடக்கும், ஏனென்றால் அப்போதுதான் அவ்வளவு விசை போகிறது. உள்கம்பியும் பிரேக்குக்கான 1.5 அல்லது 1.6 மி.மீ. தடிமனில் இருக்கட்டும்.

உறையை வெட்டுமுன் ஹேண்டிலை இரு பக்கமும் முழுவதும் திருப்பி, இழுபடாத நீளம் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெட்டிய முனை நசுங்கியிருந்தால் அரத்தால் சமமாக்குங்கள்.

எல்லாம் பொருத்திவிட்டேன். சரியாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

இறுக்கத்திலிருந்து தொடங்குவோம். கேலிப்பர் போல்ட் 8 முதல் 10 நியூட்டன் மீட்டர், கேபிளைப் பிடிக்கும் போல்ட் 6 முதல் 8, கட்டையின் போல்ட் 5 முதல் 7. கேலிப்பரோடு வேறு அளவு தந்திருந்தால் அதைப் பின்பற்றுங்கள். கட்டை முழுவதும் ரிம்மில் பதிய வேண்டும்: மேலே போய் டயரைத் தொட்டால் டயர் அறுந்து வெடிக்கும், கீழே தொங்கினால் கட்டை ரிம்முக்கு அடியில் நழுவிப் போகும். கட்டையின் முன்முனை பின்முனையைவிட 1 மி.மீ. முந்தி ரிம்மைத் தொடும்படி வைத்தால் கீச்சொலி வராது.

பிறகு நின்ற இடத்திலேயே லிவரை முழு பலத்தோடு பத்துப் பன்னிரண்டு முறை இறுக்குங்கள். புதுக் கேபிள் அமர்ந்து தளரும். மறுபடி இழுத்துப் பூட்டுங்கள். முழுவதும் இறுக்கிய லிவருக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். லிவரைப் பிடித்தபடி சைக்கிளை முன்னால் தள்ளினால் முன்சக்கரம் அசையாமல் பின்சக்கரம் மேலே எழ வேண்டும். அப்போது கேலிப்பரைப் பாருங்கள், மயிரிழைகூடத் திரும்பியிருக்கக் கூடாது. ஒரு வாரம் ஓட்டிய பிறகு எல்லா போல்ட்டையும் இன்னொரு முறை பாருங்கள்.

பின்பிரேக்கும் போட்டேன். செயினை இறுக்கிய பிறகு கட்டை டயரில் உரசுகிறது. ஏன்?

ஃபிக்சியில் செயின் தளர்ந்தால் பின்சக்கரத்தைப் பின்னால் இழுத்துத்தான் இறுக்குகிறோம். சக்கரம் நகர்ந்தால் ரிம்மும் நகரும், ஆனால் பிரேக் சட்டகத்தோடு அதே இடத்தில் நிற்கும். எனவே செயினை இறுக்கும் ஒவ்வொரு முறையும் பின்கட்டையின் உயரத்தைச் சரிபார்க்க வேண்டும். பலர் இதை மறந்து, வாரக்கணக்கில் டயரை அறுத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். முன்பிரேக்குக்கு இந்தத் தொல்லை இல்லை.

என்னுடையது ஃப்ளிப்-ஃப்ளாப் ஹப். சக்கரத்தைத் திருப்பி ஃப்ரீவீலில் ஓட்டினால் முன்பிரேக் ஒன்றே போதுமா?

போதாது. இரண்டு பிரேக் கட்டாயமாகும் நிலை என்று முன்பு சொன்னது இதைத்தான். ஃப்ரீவீல் பக்கம் திருப்பிய அடுத்த நொடி கால்கள் பிரேக் இல்லை. கேபிள் அறுந்தால் கையில் எதுவும் மிஞ்சாது. பின்பிரேக்கையும் பொருத்திவிட்டுத் திருப்புங்கள். பின்டயருக்கு மேலே சட்டகத்தின் இரு குழாய்களை இணைக்கும் பின்பாலத்தில் துளை இல்லை என்றால், ஃபிக்சிப் பக்கமே ஓட்டுங்கள்.

பிரேக் வந்துவிட்டதே, இனி லாக்ரிங்கையும் பெடல் பட்டையையும் கழற்றிவிடலாமா?

இரண்டும் இருக்கட்டும். பின்பக்கப் பல்சக்கரம் சாதாரண மரையில் ஏறுகிறது. அதை வெளியே வராமல் பிடிக்கும் லாக்ரிங் எதிர்த்திசை மரையில் ஏறுகிறது. லாக்ரிங் இல்லாமல் காலால் எதிர்த்து அழுத்தினால் பல்சக்கரம் கழன்று வரும். சாதாரண ரோடு ஹப்பில் பல்சக்கரத்தைப் பசை போட்டு ஒட்டித் தருகிறவர்களிடம் சைக்கிளைக் கொடுக்காதீர்கள்.

பட்டை இல்லாமல் வேகத்தில் கால் பெடலை விட்டு வழுக்கினால், சுழலும் பெடல் கணுக்காலைப் பதம் பார்க்கும். பிரேக் என்பது காலுக்குத் துணை. காலின் வேலையை ஒழிப்பதற்கல்ல.

மழையில் பிரேக் பிடிப்பதே இல்லை. காலே மேல் என்று தோன்றுகிறது.

நனைந்த ரிம்மில் கட்டை முதலில் தண்ணீரை வழித்துத் தள்ள வேண்டும். அதற்குச் சில சுற்றுகள் ஆகும். இங்கே பிற்பகல் மழை சொல்லாமல் வருவதால் இதைப் பழகித்தான் ஆக வேண்டும். சந்திப்பு வருவதற்கு முன்பே லிவரை இலேசாகத் தொட்டு ரிம்மைத் துடைத்துக்கொள்ளுங்கள். அதே நேரம் காலாலும் வேகத்தைக் குறையுங்கள். வேகத்தைச் சீராகக் கட்டுக்குள் வைக்க மழையில் கால் நன்றாக உதவுகிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் நனைந்த தரையில் பின்சக்கரம் இன்னும் எளிதாகச் சறுக்கும் என்பதால், சட்டென்று நிற்பதற்கு மூன்றாவது பதிலில் சொன்ன கணக்கு இங்கேயும் மாறவில்லை.

கட்டையில் பதிந்த மணல் துகளையும் அலுமினியப் பொடியையும் ஊசியால் நோண்டி எடுங்கள். ரிம்மை ஸ்பிரிட்டால் துடையுங்கள். செயினுக்குப் போட்ட எண்ணெய் ரிம்மில் தெறித்திருந்தாலும் பிடிப்பு போய்விடும்.

மவுண்ட் ஃபேபர் இறக்கத்தில் கால் சுழற்சியைச் சமாளிக்க முடியவில்லை. கியரை மாற்ற வேண்டுமா, பிரேக்கை மாற்ற வேண்டுமா?

முன்னால் 48 பல், பின்னால் 16 பல் என்றால் பெடல் ஒரு சுற்று சுற்ற சைக்கிள் சுமார் 6.3 மீட்டர் போகும். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் கால் நிமிடத்துக்கு 106 முறை சுற்ற வேண்டும். 50-இல் 132 முறை. அந்த நிலைக்குப் போன பிறகு காலால் எதிர்ப்பது நடக்காது. எனவே இறக்கத்தின் உச்சியிலிருந்தே முன்பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து, கால் வசதியாகச் சுற்றும் வேகத்திலேயே இறங்குங்கள்.

சறுக்கி நிறுத்தும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு தகவல். 48-ஐ 16 மீதமின்றி வகுப்பதால், ஒரே காலை முன்வைத்துச் சறுக்கும்போதெல்லாம் பின்டயரின் ஒரே இடம்தான் தேயும். 46-க்கு 17 என்று மாற்றினால் தேய்மானம் 17 இடங்களில் பரவும்.

மகன் பிரேக் போட்டால் சைக்கிளின் அழகே போய்விடும் என்கிறான். எப்படிச் சம்மதிக்க வைப்பது?

அவன் சொல்வதை அலட்சியப்படுத்தாதீர்கள். அந்தச் சைக்கிளின் சுத்தமான கோடுகள்மேல் அவனுக்குள்ள ஆசை உண்மையானது. அளவாக வெட்டிய ஒரே கேபிள், சட்டகத்தின் நிறத்திலேயே உறை, மெலிந்த லிவர், மெருகேற்றிய கேலிப்பர் என்று அவனையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பொருத்தும்போது ஸ்பானரை அவன் கையில் கொடுங்கள். தானே பொருத்திய பிரேக்கைப் பிள்ளைகள் கழற்றுவதில்லை என்பது நான் பார்த்தது. அதற்கும் மசியவில்லை என்றால், பிரேக் பொருத்தும் வரை சைக்கிள் வீட்டை விட்டு இறங்கக் கூடாது. பெற்றவராக அதைச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

வெளியூரில் வெலோட்ரோமில் ஓட்ட வாய்ப்பு வந்தால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டுமா?

ஆம், ஆனால் அதிக நேரம் ஆகாது. கேலிப்பரின் பின்நட்டைத் திருகி எடுத்து, லிவரின் பிடியைத் தளர்த்தினால், கேபிளை அவிழ்க்காமலே மொத்தத்தையும் ஒரே துண்டாகக் கழற்றிப் பையில் வைக்கலாம். டிராப் ஹேண்டில்பாரில் துணிப்பட்டைக்கு அடியில் கேபிள் போகிறது என்றால் பட்டையையும் பிரிக்க வேண்டும்; அடிக்கடி தடத்துக்குப் போகிறவர்கள் அங்கே கேபிளைப் பட்டைக்கு வெளியே விடுவது நல்லது. வாஷர்கள் எந்த வரிசையில் இருந்தன என்று கழற்றுமுன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டியதும், சாலையில் இறங்குமுன், லிவரை இறுக்கி முன்னால் தள்ளிப் பார்க்கும் சோதனையை மறுபடி செய்யுங்கள்.